மூன்று வருடப் பழைய முதுகு

"…அப்ப அந்தப் படத்தையே மேசையில கிடத்தி வெட்டச் சொல்லுங்கோ, நான் வீட்ட போறன்" என்றாள் என் மனைவி.

சொன்னது யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாட்டில், கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி. கேட்டுக்கொண்டிருந்தது நானும், பக்கத்தில் நின்ற தாதியும், என் கைப்போனுக்குள் இருந்த அவளின் பெரியண்ணையும் அவருடைய மகளும்.

ஆராவது ஒரு நல்ல கதை சொன்னால் அதைக் கடைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு மனிசரின் வாய்தான் புத்தகம். படகில் வரும் சனம், கோயிலுக்கு வரும் சனம், கடன் சொல்ல வரும் சனம், எல்லாரும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள், நான் எழுதுவேன். இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கு வரைக்கும் எழுதவில்லை. பேனையை எடுத்தால் கோபம் வருகிறது. அவளின் மேல் அல்ல. எங்கள் எல்லாரின் மேலும், எல்லாரையும்விட என் மேலும்.

நயினாதீவில் இறங்குதுறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. அவள் முன்பள்ளி ரீச்சர். காலையில் பிள்ளைகளைத் தூக்கி இறக்குவாள். பின்னேரம் குடிதண்ணீர்க் கானைத் தூக்கி இறக்குவாள். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒருநாள் கானோடு நிமிரும்போது முதுகு பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முள்ளந்தண்டின் இடுப்புப் பகுதியில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் உள்ள டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு இடையில் கிடக்கும் மெத்தை, கொஞ்சம் பின்னால் பிதுங்கியிருக்கிறது, ஓய்வெடுத்தால் மாறும் என்றார்கள். மாறியது.

அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் கடல் சரியில்லை. படகுக்குள் தண்ணீர் அடித்து உறை ஊறி, ஒரு பக்கம் உப்புப் பூத்துப் போயிற்று. "உங்கட கையில ஒரு கடுதாசியைத் தந்தா, கடல் குடிச்ச மிச்சத்தைத்தான் வீட்ட கொண்டு வருவியள்" என்றாள். அதைக் கொப்பியில் எழுதினேன்.

படம் பைக்குள் போயிற்று. எங்கள் பக்கத்தில் அநேகமான வீடுகளில் இப்படி ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம் எல்லாவற்றையும் போட்டு, சண்டைக் காலத்தில் சொன்னவுடன் தூக்கிக்கொண்டு ஓடத் தோதாகக் கதவுக்குப் பின்னால் கொளுவிய பை. ஓட்டம் நின்று எவ்வளவு காலமாகிவிட்டது. பையை நாங்கள் இறக்கவில்லை. முக்கியமானது எதுவோ அது அந்தப் பைக்குள் இருக்கும், அந்தப் பைக்குள் இருப்பது எதுவோ அது முக்கியமானது என்று எங்கள் தலைக்குள் பதிந்துபோய்க் கிடக்கிறது. பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். காரணம்தான், சாட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வருடம் திரும்பவும் நோ வந்தது. இந்த முறை முதுகோடு நிற்கவில்லை. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கத்தால் இறங்கி, முழங்காலுக்குக் கீழே போய், பெருவிரல் வரைக்கும் இழுத்தது. "காலுக்குள்ள ஆரோ கரண்டு வயர் இழுத்திருக்கிறாங்கள்" என்றாள். பட்டினத்துக்குப் போனோம். புதிதாக ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முள்ளந்தண்டு பார்க்கிற டொக்டர் இளம் ஆள். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு எங்களையும் கிட்ட வரச் சொன்னார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. மெத்தை இப்ப சும்மா பிதுங்கி நிக்கேல்ல. கிழிஞ்சு, உள்ளுக்க இருந்தது ஒரு துண்டா வெளியால வந்திட்டுது. அது நரம்புக்கு மேல ஏறிக் குந்தியிருக்குது."

கறுப்பு வெள்ளையில் எனக்கே தெரிந்தது. வெள்ளையாய் இறங்கி வரும் ஒரு வாய்க்கால். அதற்குள் ஒரு கறுத்த துண்டு அடைத்துக்கொண்டு கிடந்தது.

"இப்பிடி வெளியால வந்த துண்டை எடுத்துவிட்டா கால் நோ குறையிறதுக்குச் சந்தர்ப்பம் நல்லா இருக்கு. படத்தை மட்டும் வைச்சுச் சொல்லேல்ல, உங்களையும் சோதிச்சுப் பாத்துத்தான் சொல்லுறன். இன்னும் ரெண்டு கிழமை மருந்தோட பாப்பம். குறையாட்டி ஒப்பரேசன் செய்வம். ஆனா பாதம் பலமில்லாமல் போற மாதிரி இருந்தா அண்டைக்கே வரவேணும். விளங்குதோ?"

"வீட்டில கதைச்சிட்டு வாறம் டொக்டர்" என்றேன்.

வீடு என்று நான் சொன்னது கனடாவை. எங்கள் தீவில் இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பெயர் வைப்பதா, கிணறு இறைப்பதா, பல்லுப் பிடுங்குவதா, எல்லாவற்றுக்கும் அங்கே இருக்கிற மனைவியின் பெரியண்ணையிடம் ஒரு சொல் கேட்டுத்தான் செய்வோம். அவர் கெட்ட மனிசன் அல்ல. தங்கச்சிமாருக்காகவே உழைத்துத் தேய்ந்தவர். கேட்டுக் கேட்டு அவரை ஒரு நீதவான் ஆக்கியது நாங்கள்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நல்ல காற்று. நாங்கள் படகு ஏறும் குறிகட்டுவானில் கடல் எப்படி இருக்கும் என்று பஸ்ஸுக்குள்ளேயே தெரிந்தது. முந்திய படத்துக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. வழியில் மண்டைதீவில் என் தங்கச்சி வீட்டில் இறங்கித் தேத்தண்ணி குடித்தபோது, புதுப் படத்தின் உறையை அப்படியே அவளிடம் கொடுத்து அலுமாரிக்கு மேல் வைக்கச் சொன்னேன். டொக்டரிடம் போகும்போது எடுத்துக்கொண்டு போவது தானே. கொம்பியூட்டரில் போட்டுப் பார்க்கிற சி.டி.யும் அந்த உறைக்குள்தான் இருந்தது. பெரிய கெட்டித்தனம் செய்த மாதிரி நிம்மதியாகப் படகு ஏறினேன்.

அடுத்த நாள் பின்னேரம், அங்கே விடிந்தவுடன், பெரியண்ணை போன் எடுத்தார். எனக்கு அவர் அத்தான்.

"தம்பி, படத்தை உடன அனுப்பும். என்ர பிள்ளை பாப்பாள். அவள் இப்ப உந்த வேலைதான் செய்யிறாள்."

அவரின் மகள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். டிஸ்க் ஒப்பரேசன் செய்தவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைச் சேர்த்து, ஒப்பரேசனுக்குப் பிறகு ஆருக்குச் சுகம் வந்தது, ஆருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துக் கொம்பியூட்டருக்குப் படிப்பிக்கிறாள். பிறகு ஒரு புதுப் படத்தைக் காட்டினால், இவருக்கு ஒப்பரேசன் பலன் தருமா என்று அது முன்கூட்டியே சொல்லும். பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் பலன் குறைவு. அவளே பிறகு எனக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தியது இது. நல்ல பிள்ளை, மாமி என்றால் உயிர்.

படம் மண்டைதீவில் கிடக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். நாளைக்குப் போய் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு படகு, ஒரு பஸ், அவ்வளவுதான். நான் கதவுக்குப் பின்னால் கை விட்டேன். பைக்குள் பழைய படம் இருந்தது. அதே மனிசி, அதே முதுகு, அதே நாலாவது ஐந்தாவது எலும்பு. எலும்பு மாறுமோ என்று நினைத்தேன். மேற்குப் பக்கத்து யன்னலில் வெளிச்சத்துக்குப் பிடித்து, மற்றக் கையால் போனில் எடுத்து அனுப்பினேன்.

"புதுசு தானே?" என்றார் அத்தான்.

"ஓம் அத்தான்."

இரண்டு நாள் கழித்து அப்பாவும் மகளும் சேர்ந்து கதைத்தார்கள். பிள்ளைதான் முதலில் கேட்டாள்.

"மாமா, எழுத்தெல்லாம் மங்கலா இருக்கு. திகதி வாசிக்க ஏலாமல் கிடக்கு. சி.டி. ஒண்டு தந்திருப்பினமே?"

"தரேல்லை, பிள்ளை" என்றேன்.

ஏன் சொன்னேன்? ஒரு பொய்யை மறைக்க அடுத்த பொய் தானாக வந்து வாயில் குந்தியது. இன்றைக்கும் அந்த நாக்கை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"போனால எடுத்த படத்தை நம்பி ஒண்டும் சொல்லக் கூடாது மாமா. சும்மா போட்டுப் பாத்தனான், சிவப்புத்தான் காட்டுது. டிஸ்க் கொஞ்சம்தான் பிதுங்கியிருக்கு, அப்பிடியான ஆக்களுக்கு வெட்டிப் பெரிசாப் பலன் வாறது குறைவு. ஆனா இது படிப்புக்குச் செய்யிறது. மாமியைத் தொட்டுப் பாத்த டொக்டர் என்ன சொல்லுறாரோ…"

"கேட்டீரே தம்பி?" அத்தான் இடையில் புகுந்தார். "கொம்பியூட்டரே வேண்டாம் எண்டுது. அங்க வெட்டுறதுக்கு ஆள் தேடிக்கொண்டு இருப்பாங்கள். ஒருத்தரும் கத்தி வைக்க வேண்டாம். முள்ளந்தண்டு விளையாட்டில்லை."

டொக்டர் சொன்னதும் பிள்ளை சொன்னதும் ஒன்றுக்கொன்று எதிர் அல்ல. இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள். டொக்டர் இந்த வருட முதுகைப் பார்த்துச் சொன்னார். கொம்பியூட்டர் மூன்று வருடத்துக்கு முன் கிடந்த முதுகைப் பார்த்துச் சொன்னது. நடுவில் நின்ற நான்தான் இரண்டும் ஒன்று என்று சாதித்தவன்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஒரு படமாளிகை ஆயிற்று. வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பழைய படத்தை வாங்கி யன்னலில் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "ஓம், தெரியுது, தெரியுது" என்றார். பக்கத்து வீட்டு அண்ணை தன் மச்சானுக்கு ஒப்பரேசன் செய்து படுத்த படுக்கையான கதையை மூன்று தரம் சொன்னார். மச்சானுக்குச் செய்தது இடுப்பு எலும்பில் என்று நாலாவது தரம் கேட்டபோதுதான் விளங்கியது. ஒருவர் எண்ணெய் கொண்டுவந்தார். ஒருவர் இடுப்பில் கட்டும் பட்டி கொண்டுவந்தார். அவள் பட்டியைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "எல்லாரும் என்ர முதுகைப் பாக்க வருகினம், நான் எப்பிடி இருக்கிறன் எண்டு கேக்கத்தான் ஒருத்தரையும் காணேல்ல" என்றாள். இதையும் எழுதினேன். நல்ல கதை என்று எழுதினேன். கேட்கவில்லை.

டொக்டர் சொன்ன இரண்டு கிழமை போனது. மூன்றாவதும் போனது. ஒருநாள் மத்தியானம் முன்பள்ளிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் உள்ளே நடந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்ற ஒரு சின்னப் பெண் பிள்ளை என்னிடம் சொன்னாள்: "ரீச்சரின்ர ஒரு செருப்பு மட்டும் கதைக்குது."

உண்மை. இடது செருப்பு சத்தமில்லாமல் வந்தது. வலது செருப்பு ஒவ்வோர் அடிக்கும் டப், டப் என்று நிலத்தில் விழுந்தது. பாதத்தின் முன்பக்கம் எழும்ப மறுத்துக்கொண்டிருந்தது. பாதம் பலமில்லாமல் போனால் அன்றைக்கே வா என்று டொக்டர் சொன்னது இதைத்தான். நாலு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. நான் கடைக்குப் போய், சிரித்துக்கொண்டு, அதைக் கொப்பியில் எழுதினேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. கிழித்தால் எனக்கு வசதியாகப் போய்விடும்.

இன்னும் இரண்டு கிழமை கழித்து, வேலணையில் ஒரு கூட்டத்துக்கென்று அவள் குறிகட்டுவானுக்குப் படகில் வந்தாள். நானும் கூட வந்தேன். இறங்கும்போது வலது கால் படகின் விளிம்பில் தட்டியது. செருப்பு தண்ணீருக்குள் விழுந்தது. அவளும் விழுந்திருப்பாள், படகுக்காரத் தம்பி கையைப் பிடித்துக்கொண்டான். செருப்பு போனதே அவளுக்குத் தெரியாது.

"ரீச்சர், உங்கட கால் உங்களோட வரேல்லை" என்றான் அவன்.

அவள் இறங்குதுறைக் கட்டின் மேல் குந்தித் தன் வலது பாதத்தைப் பார்த்தாள். எழுப்பப் பார்த்தாள். பெருவிரல் அசையவில்லை. என்னைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, நான் கூட்டத்துக்குப் போகேல்ல. டொக்டரிட்டப் போறன். நீங்கள் வாறதெண்டா வாங்கோ" என்றாள்.

யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினோம். தங்கச்சிக்குப் போனில் சொல்லி வைத்தேன். அவள் மண்டைதீவுச் சந்தியில் நின்று, பஸ் நின்ற நேரத்துக்குள் யன்னலால் உறையைத் தந்தாள். மனைவி உறையைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள். வாங்கி மடியில் வைத்தாள். உறை இவ்வளவு நாளும் அங்கே இருந்தது அவளுக்குத் தெரியும், அவளும் தானே தேத்தண்ணி குடித்தாள். கனடாவுக்கு நான் என்னத்தை அனுப்பினேன் என்பதுதான் தெரியாது. நான் அனுப்பிய அந்தப் பின்னேரம் அவள் முன்பள்ளிக் கூட்டத்தில் இருந்தாள், தங்கச்சிதான் புதுசைப் போனில் எடுத்து அனுப்பினாள் என்று நினைத்திருந்தாள்.

டொக்டர் அவளைக் குதிக்காலில் நடக்கச் சொன்னார். இடது கால் நடந்தது. வலது பாதம் தொங்கியது.

"எப்ப துடங்கினது?"

"பிள்ளையள் சொல்லி ரெண்டு கிழமை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்குக் காலமை செய்வம். கால் நோ குறையும் எண்டு நம்புறன். பாதம் எவ்வளவு திரும்பும் எண்டு இப்ப ஆராலயும் சொல்லேலாது. நாளைப் போக்கினா அது இன்னும் குறையும்" என்றார்.

இதை எழுதும் இன்றைக்கு அவளுக்குக் கால் நோ இல்லை. ஒப்பரேசன் முடிந்து கண் விழித்தவுடன், "வயரைக் கழட்டிட்டாங்கள்" என்றாள். ஆனால் பெருவிரல் பாதிதான் எழும்புகிறது. பாதத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட்டுத்தான் நடக்கிறாள். அந்த இரண்டு கிழமை முந்திப் போயிருந்தால் முழுதாகத் திரும்பியிருக்குமா என்று ஒருமுறை டொக்டரைத் தனியாகக் கேட்டேன். "சந்தர்ப்பம் கூட இருந்திருக்கும்" என்றார். சாப்பிடும்போதும் எனக்கு அதுதான் கேட்கிறது.

ஆனால் அன்று வாட்டில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

பின்னேரம் கட்டில் தந்தார்கள். தாதி ஒரு அட்டையில் ஒப்பரேசனுக்கான சம்மதப் பத்திரத்தைக் கொளுவி எடுத்துக்கொண்டு வந்தார். "கையெழுத்து வைக்கவேணும். ஐயா, என்ன மாதிரி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஐயா என்ன செய்தேன்? "ஒரு நிமிசம் மிஸ், வீட்டில ஒருக்காச் சொல்லிப்போட்டு" என்று கனடாவுக்குப் போன் எடுத்தேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"வேண்டாம் எண்டு சொன்னது தானே" என்றார் அத்தான். "கொம்பியூட்டர் சிவப்புக் காட்டினது. இப்ப ஆர் உங்களைப் பயப்படுத்தினது?"

"அத்தான், கால் விழுந்திட்டுது."

"கால் மருந்தோட வரும். பிள்ளை பாத்துத்தானே சொன்னவள்."

அப்போதுதான் சொன்னேன். நான் அனுப்பியது பழைய படம் என்று. மூன்று வருடத்துக்கு முன் எடுத்தது என்று. சி.டி. இருந்தது, இல்லை என்று சொன்னது பொய் என்று. சொல்லும்போது கட்டில் பக்கம் பார்க்கவில்லை. பிறகு பிள்ளையின் குரல் மெல்லமாக வந்தது.

"மாமா, நான் திகதி கேட்டனான் எல்லோ."

"ஓம் பிள்ளை. கேட்டனீர்."

இவ்வளவு நடந்த பிறகாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அத்தான் தொண்டையைச் செருமினார். "சரி. நடந்தது நடந்திட்டுது. இப்ப புதுப் படத்தை அனுப்பும். பிள்ளை திருப்பிப் போடட்டும். பச்சை வந்தா வெட்டட்டும். ரெண்டு நாள்தானே, டொக்டரைப் பொறுக்கச் சொல்லும்."

"அப்பா, வேண்டாம்" என்றாள் பிள்ளை. "பாதம் விழுந்திட்டுது எண்டா அதுக்குப் பிறகு நான் பாக்க ஒண்டும் இல்லை. அங்க இருக்கிற டொக்டர் சொல்லுறதைச் செய்யட்டும்."

"நீ பேசாமல் இரு. உன்ர படிப்பு பிறகு என்னத்துக்கு?"

நான் செய்ததைக் கேளுங்கள். அத்தான் அனுப்பு என்றவுடன் என் கை தானாக உறைக்குள் போயிற்று. புதுப் படத்தை இழுத்து எடுத்து, வாட்டு யன்னலில் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். அத்தானின் குரல் வந்துகொண்டிருந்த அதே போனை மற்றக் கையால் உயர்த்தினேன். எழுத்து மங்காமல் வரவேண்டும் என்று இந்த முறை கவனமாகச் சரித்துப் பிடித்தேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளின் முதுகைப் படம் எடுத்துக்கொண்டு நின்றேன்.

அவள் பின்னால் இருந்து சொல்லத் தொடங்கினாள். மூன்று வருடத்துப் பழசு அனுப்பினது எனக்குத் தெரியாது, இப்ப தெரியும் என்றாள். அண்ணைக்கு என்ர கால் வேண்டாம், இவருக்கும் வேண்டாம், உங்கள் எல்லாருக்கும் படம்தான் வேணும் என்றாள். அப்படியே வந்து, படத்தையே மேசையில கிடத்தி வெட்டச் சொல்லுங்கோ என்று நான் முதலில் எழுதிய அந்தச் சொல்லில் முடித்தாள்.

தாதி அட்டையைப் பிடித்தபடி நின்றார். அத்தான், "தங்கச்சி, பொறு, நான் சொல்லுறதை…" என்று தொடங்கினார்.

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்து, நோவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பி இருந்தாள். வலது காலைக் கையால் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே இறக்கி வைத்தாள். தாதியிடம் கையை நீட்டி அட்டையை வாங்கினாள். "எதில மிஸ்?" என்று கேட்டாள். தாதி காட்டிய கோட்டில், பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.